கேமரா அக்கா பதில்கள்: பாரிஸில் ஒரு மணி நேரம்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் கல்யாணம் 2020 ஊரடங்கில், வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. தம்பி செல்போனில் எடுத்த படங்கள்தான் இருக்கின்றன. வருகிற ஜூனில் டிராவல்ஸ் குழுவோடு ஐரோப்பா போகிறோம். பாரிஸில் இரண்டு இரவு. அங்கே ஒரு போட்டோகிராபரை வைத்து, என் முகூர்த்தப் புடவையில் எங்கள் இருவரையும் எடுக்க ஆசை. "செல்ஃபி போதாதா, காசைக் கரியாக்காதே" என்கிறார் நாத்தனார். எவ்வளவு ஆகும், ஏமாறாமல் எப்படி புக் செய்வது, எங்கே எடுப்பது? என் வீட்டுக்காரர் கேமராவைப் பார்த்தாலே விறைத்துப்போவார்.
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, தாராளமாக எடுங்கள். ஊரடங்கில் கல்யாணம் ஆனவர்கள் என் ராயபுரம் ஸ்டுடியோவுக்கு இன்றும் வருகிறார்கள். கையில் குழந்தையோடு வந்து, "அக்கா, மாலை போட்டு நிற்கிற மாதிரி ஒரு படமாவது" என்பார்கள். அந்தக் குறை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நாத்தனாரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே அதுவே போதும். அதற்கு மேல் போனால் முகத்தில் களைப்பு ஏறிவிடும்.

பாரிஸில் அந்த ஒரு மணி நேரத்துக்கு 200 முதல் 400 யூரோ வரை கேட்பார்கள். இதற்குக் கீழேயும் மேலேயும் ஆட்கள் உண்டு. யூரோவுக்கு நூறு ரூபாய் வைத்துக் கணக்குப் போட்டால் இருபதாயிரம் முதல் நாற்பதாயிரம் ரூபாய். காசு நிறையத்தான். ஆனால் விலையை விசாரிக்கும் முன்னால் நேரத்தைப் பேசுங்கள். அந்த ஊரின் வெளிச்சம் தெரிந்த ஆளுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

நம் ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவில் உதித்துவிடும். பாரிஸில் அப்படியில்லை. ஜூன் நடுவில் காலை 5.45 வாக்கில் விடியும், இரவு பத்து மணி நெருங்கும்போதுதான் சூரியன் மறையும். டிசம்பர் கடைசியில் விடிவதற்கே 8.40 ஆகிவிடும். டூர் குழுவில் போகும் நீங்கள் ஜூன் மாலை வெளிச்சத்துக்குக் காத்திருந்தால் இரவுச் சாப்பாடு போய்விடும். அதனால் காலை ஆறு மணிக்கு வையுங்கள். எட்டு, எட்டரைக்குப் பஸ் கிளம்புவதற்குள் முடித்துவிட்டு ஓட்டலுக்கு வந்துவிடலாம். டூர் மேனேஜரிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவையுங்கள். பாரிஸ் மெட்ரோ காலை ஐந்தரை மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். ஓட்டல் ஊருக்கு வெளியே என்றால் டாக்சிக்கும் தனியாக எடுத்து வையுங்கள்.

காலை நேரத்தை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் கூட்டம். ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே டிரோக்கடேரோ மேடையில் பகல் பத்து மணிக்கு நின்றால், உங்கள் இருவருக்கும் பின்னால் ஐம்பது பேர் செல்ஃபி குச்சியோடு நிற்பார்கள். இங்கே ஒரு விஷயம் சொல்ல ஆசை. 1838-ல் இதே பாரிஸில் தாகெர் என்பவர் ஒரு பெரிய சாலையைப் படம் பிடித்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த தெரு அது. படம் பதியச் சில நிமிஷங்கள் பிடித்ததால் நடமாடிய யாருமே அதில் விழவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்தார். போட்டோவில் விழுந்த முதல் மனிதர் அவர்தான் என்பார்கள். என் தொழிலின் பிறந்த ஊர் அது என்பதால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். இன்றைய கேமரா நொடியில் எல்லோரையும் பிடித்துவிடும். ஆள் இல்லாத பாரிஸ் வேண்டுமென்றால் விடியற்காலையில் எழுந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இடத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு இடம் போதும். டிரோக்கடேரோவில் தொடங்குங்கள். ஜூன் காலையில் கோபுரத்தைப் பார்த்து நின்றால் வெயில் இடப்பக்கத்திலிருந்து வரும். அந்தப் பக்க வெளிச்சத்தில் பட்டுப்புடவையின் ஜரிகை ஒவ்வொரு இழையாகத் தெரியும். (குளிர்காலத்தில் போகிறவர்களுக்குக் கோபுரத்துக்குப் பின்னாலேயே சூரியன் எழும். அது வேறு மாதிரிப் படம்.) அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பீர் அக்கெம் பாலம். 1905-ல் கட்டி முடித்த இரண்டு தட்டுப் பாலம். மேல் தட்டில் ஆறாம் எண் மெட்ரோ ரயில் ஓடும். கீழே இரும்புத் தூண்கள் வரிசையாகப் போகும், நடுவில் நீங்கள் நடக்கலாம். மழை வந்தாலும் தலைக்கு மேல் ரயில் பாதையே கூரையாக இருக்கும். பாரிஸ் மழை சொல்லிக்கொண்டு வராது என்பதால் எனக்கு இந்தப் பாலம் ரொம்பப் பிடிக்கும். காதல் ஜோடிகள் பூட்டு மாட்டும் பாலத்தில் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த போந்தெஸார் பாலத்தில் பூட்டுகளின் பாரம் தாங்காமல் 2014-ல் கம்பித் தடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. 2015-ல் நகராட்சி அந்தப் பூட்டுகளையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டது.

இனி ஏமாறாமல் இருப்பது. இன்ஸ்டாவில் அழகான இருபது படம் இருப்பதால் யாரும் நல்ல போட்டோகிராபர் ஆகிவிட மாட்டார்கள். "ஒரே ஜோடியை ஒரே நாளில் எடுத்த முழு ஆல்பத்தின் லிங்க் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அறுபது படம் பார்த்தால் ஆளின் கை தெரிந்துவிடும். படங்கள் அவருடையவைதானா என்று சந்தேகம் வந்தால், ஒன்றிரண்டைக் கூகுளில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு பெயரில் கிடைத்தால் விட்டுவிடுங்கள். பிரான்சில் பதிவு செய்து தொழில் செய்யும் எவருக்கும் சிரெத் என்று 14 இலக்க எண் உண்டு. அந்த எண்ணைப் போட்டு அரசாங்கப் பதிவேட்டில் காசில்லாமல் சரிபார்க்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஆள் நமக்கு வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பேசி முடிப்பதை ஒருமுறை மெயிலிலும் எழுதி வாங்குங்கள். யார் நேரில் வருவார், எத்தனை படம் எடிட் செய்து தருவார், எத்தனை நாளில், மழை கொட்டினால் அடுத்த நாள் காலை வருவாரா, டூர் விசா கிடைக்காமல் போனால் அட்வான்ஸ் திரும்புமா, எல்லாம். இதில் முதலாவதுதான் முக்கியம். ஒருவர் பெயரில் புக் செய்து, காலையில் வேறொருவர் கேமராவோடு வந்து நிற்பது இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் நடக்கிறது. அட்வான்ஸை கார்டில் கட்டுங்கள், ஏதாவது தவறினால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும். யாரோ ஒருவர் கணக்குக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அந்த மாதம் எந்தக் கட்டடத்தில் சாரம் கட்டியிருக்கிறார்கள்? உள்ளூர்க்காரர் பட்டென்று சொல்வார்.

புடவை என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. பாரிஸ் கட்டடங்கள் பெரும்பாலும் வெளிர் மஞ்சள் கலந்த சாம்பல் கல். அதன் முன்னால் சந்தன நிறமும் வெளிர்த் தங்கமும் மங்கிப்போகும். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை எல்லாம் எழுந்து நிற்கும். முகூர்த்தப் புடவை வெளிர் நிறமென்றால் ரவிக்கையாவது அழுத்தமான நிறத்தில் தைத்துக்கொள்ளுங்கள். எம்.சி. ரோட்டில் ஒரு மணி நேரம் அலைந்தால் பொருத்தமான துணி கிடைத்துவிடும். இங்கேயே பியூட்டிஷியனிடம் கொடுத்து மடிப்பு வைத்து, தேய்த்து, மடித்த வாக்கிலேயே பெட்டியில் வையுங்கள். அங்கே நாலரை மணிக்கு எழுந்து கொசுவம் சரி செய்ய யாரும் இருக்க மாட்டார்கள். ஹீல்ஸ் வேண்டாம், சில தெருக்கள் கல் பதித்தவை. ஜூன் காலையும் நமக்குக் குளிரும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.

பூவை இங்கிருந்து கொண்டு போகாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் புதுப்பூவை ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள். ஆனால் கவலை வேண்டாம். பாரிஸ் வடக்கில் லா ஷப்பெல் என்று ஒரு பேட்டை இருக்கிறது. மெட்ரோ நிலையத்தின் பெயரும் அதுதான். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். தோசை, முருங்கைக்காய், நகைக்கடை, கல்யாணச் சாமான், மாலை, எல்லாம் தமிழில் கேட்டு வாங்கலாம். பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. பாரிஸ் பக்கம் குடியிருக்கும் என் தங்கை அங்கேதான் பூ வாங்குவாள். எல்லா நாளும் மல்லிகை வராது. முன்னாலேயே ஒரு கடைக்குப் போன் செய்து சொல்லிவைத்து, முதல் நாள் சாயங்காலம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு மாலையும் சொல்லிவிடுங்கள். மொட்டை மாடியில் விட்டுப்போன படம் அதுதானே?

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையை எடுத்தேன். "சிரிங்க தம்பி" என்றால் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். கடைசியில், "உங்க வீட்டம்மாவுக்கு வலை முடிச்சு போடச் சொல்லிக் கொடுங்க" என்றேன். நூலை அவள் விரலில் சுற்றிக் கொடுத்தார். அவள் தப்பாக இழுத்தாள், இவர் சிரித்துவிட்டார். அந்தப் படம்தான் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கைக்கு வேலை கொடுத்தால் முகம் தானாக இளகும். இதைப் பாரிஸ் போட்டோகிராபரிடம் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: போஸ் வேண்டாம், நடக்கவிட்டு எடுங்கள் என்று. உங்கள் முந்தானை மடிப்பைச் சரி செய்யும் வேலையை உங்கள் வீட்டுக்காரரிடமே விடுங்கள்.

கேள்வி: அக்கா, பாரிஸில் அவ்வளவு காசு கொடுப்பதற்குப் பதில், கல்யாண வீடியோ எடுக்கும் என் நண்பனையே கூட்டிப் போய்விடலாமா? டிரோன் கூட வைத்திருக்கிறான்.
— ஒரு வாசகர், கொடுங்கையூர்

பதில்: தம்பி, நண்பனாகச் சுற்றிப் பார்க்க வந்து நாலு படம் எடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. சம்பளம் பேசிக் கூட்டிப் போனால் அது வேலை, சுற்றுலா விசா அதற்கானது அல்ல. விமான நிலையத்தில் கேட்டால் பெட்டி நிறைய லென்ஸுக்கு என்ன காரணம் சொல்வான்? அவனுடைய விமான டிக்கெட், ஓட்டல் செலவைக் கூட்டிப் பாருங்கள், உள்ளூர் ஆளே மலிவு. டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். பாரிஸ் நகரத்தின் மேல் தனியார் டிரோன் பறக்கத் தடை, பறிமுதல் வரை போகும்.

கேள்வி: என் மகளும் மருமகனும் பாரிஸில் எடுத்துக்கொண்ட படங்கள் ரொம்ப அழகு. இரவில் ஈஃபில் கோபுரம் மின்ன, பட்டுப்புடவையில் மகள் நிற்கும் படத்தை என் ஜவுளிக் கடையின் தீபாவளி பேனரிலும் காலண்டரிலும் போடலாமா? காசு கொடுத்து எடுத்த படம்தானே?
— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஐயா, வீட்டில் மாட்டுங்கள், சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கடைக்கு என்றால் இரண்டு தடை இருக்கிறது.

முதலாவது, படம் யாருடையது என்பது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். அதனால்தான் நம் ஊரில் எல்லோரும் நீங்கள் கேட்டது போலவே கேட்கிறார்கள். பிரான்சில் எடுத்தவருக்கே உரிமை. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றுதான் இருக்கும். உங்கள் மகளுக்கும் இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் அந்த போட்டோகிராபர் தன் விளம்பரத்துக்கு அவர் முகத்தைப் போடக் கூடாது. பிரெஞ்சுச் சட்டம் அதில் கறார்.

இரண்டாவது, கோபுரம். அதைக் கட்டிய கஸ்டாவ் ஈஃபில் 1923-ல் இறந்தார். கோபுரத்தின் வடிவத்துக்கான உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. பகல் படத்தில் பிரச்னையே இல்லை. இரவு விளக்கு அலங்காரம் தனிப் படைப்பாகப் பாதுகாக்கப்படுகிறது, 1985-ல் வந்தது. அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்த, கோபுரத்தை நடத்தும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

மகளிடம் சொல்லி அந்த போட்டோகிராபருக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். பகலில் எடுத்த படங்களில் ஒன்றைக் கடை விளம்பரத்துக்குப் பயன்படுத்த எவ்வளவு கேட்கிறார், எத்தனை வருஷத்துக்கு, பேனருக்கும் காலண்டருக்கும் சேர்த்தா என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காலண்டர் அச்சுக்குப் போகும் முன்னால் அந்தப் பதில் கையில் இருக்கட்டும்.