சைலன்சர் பைப்புக்கு மேலே இருக்கும் தகட்டைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 2015 மாடல், 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக அடியில் தகரம் அதிர்வதுபோல ஒரு சத்தம் வந்தது. சைலன்சர் பைப்புக்கு மேலே இருந்த தகடு ஆடுகிறது என்று மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். சத்தம் நின்றுவிட்டது, ஆனால் இப்போது கியர் லீவர் பக்கம் தரை சுடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றிவிடலாம் என்கிறார். கடையில் விற்கும் ஹீட் ராப் (சூடு தாங்கும் துணிப்பட்டை) சுற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கழற்றிய தகட்டையே மறுபடி மாட்டுங்கள். அது ஹீட் ஷீல்டு. வண்டி தீப்பிடிக்காமல் இருக்கப் போட்ட பாகம், அழகுக்குப் போட்டது அல்ல.

அரை மில்லிமீட்டர் தகடு எப்படிச் சூட்டைத் தடுக்கும் என்று தோன்றலாம். தடுப்பது தகட்டின் கனம் அல்ல. அதன் பளபளப்பும், பைப்புக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் காற்று இடைவெளியும்தான். பைப்பின் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் மேலே வருகிறது. பைப் 300 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குப் போனால் கதிர்வீச்சு இரண்டு மடங்கு ஆவதில்லை, ஐந்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. பளபளப்பான அலுமினியம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மீதிச் சூட்டை இடைவெளியில் ஓடும் காற்று கொண்டுபோய்விடும். அதனால் சேறு அப்பி இடைவெளி அடைந்துபோனால் ஷீல்டு இருந்தும் பயனில்லை.

வண்டி ஓடும்போதைவிட நிறுத்திய முதல் பத்து நிமிடம்தான் மோசம். காற்று நின்றுவிடும், பைப் இன்னும் சுட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண வயரின் பி.வி.சி. உறை 70 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் 160 டிகிரி அளவில் உருகிவிடும். ஷீல்டு இல்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக் கேபிளின் உறை, தரைக்கு அடியில் போகும் வயர், டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் எல்லாம் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் காரணம் யாருக்கும் பிடிபடாது.

இனி மாட்டும் வேலை. வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும்; லிஃப்ட்டிலோ ஸ்டாண்டிலோ ஏற்றாமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கழற்றிய தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் தகடு நன்றாகவே இருக்கும்; போல்ட் போகும் ஓட்டை மட்டும் துருவால் அரித்துப் பெரிதாகி, போல்ட்டின் தலை அதற்குள் நழுவியிருக்கும். மொத்தச் சத்தமும் அந்த ஒரு ஓட்டையிலிருந்துதான். 6 எம்.எம். ஓட்டையும் 25 எம்.எம். வெளிவிட்டமும் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரைத் தகட்டின் இரண்டு பக்கமும் வைத்து முடுக்கினால் போதும். பல கார்களில் 10-ம் நம்பர் ஸ்பேனர்தான் சேரும். துருப்பிடித்த போல்ட்டைப் பலமாகத் திருகினால் முறிந்துவிடும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, கால்மணி நேரம் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள்.

ரொம்பவும் இறுக்காதீர்கள். அரை மீட்டர் நீள அலுமினியத் தகடு 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்காமல் இறுக்கினால் அடுத்த கிழிசல் அதே ஓட்டையில்தான் வரும். பைப்போடு சேர்ந்தே வரும் ஷீல்டாக இருந்து அதன் கிளாம்ப் அறுந்திருந்தால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப்பைச் சுற்றி முடுக்கலாம். பிளாஸ்டிக் டை, எம்-சீல், அலுமினிய டேப் எதுவும் அங்கே நிற்காது. டேப்பின் பசை முதல் சூட்டிலேயே கருகிவிடும்.

தகடு பொடிந்துபோயிருந்தால் கம்பெனி ஸ்பேர் வாங்குவதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, 0.8 அல்லது 1 எம்.எம். அலுமினியத் தகட்டில் செய்யச் சொல்லுங்கள். பைப்பிலிருந்து 15 எம்.எம். தள்ளியே இருக்கட்டும், பைப்பைக் கையால் அசைத்தாலும் தகட்டைத் தொடக் கூடாது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இது சரிவராது, அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். ஜி.ஐ. தகடும் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியிலேயே உருகும்.

ஹீட் ராப் மோசமான பொருள் இல்லை, இந்த இடத்துக்கு ஏற்றதில்லை. சூட்டை அது பைப்புக்குள்ளேயே அடைத்துவைக்கிறது, அதனால் பைப் முன்பைவிட அதிகமாகக் காயும். மழைத் தண்ணீரையும் ஈரத்துணி மாதிரி பிடித்துவைத்துக்கொள்ளும். சாதாரண இரும்பு பைப் உள்ளே அரித்துப்போவது சுற்றியிருப்பதால் கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் ஆயில் ஒழுகி அதில் ஊறினால் அது விளக்குத் திரிதான். தகடு வைக்கவே இடமில்லாத ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு மட்டும் சுற்றலாம்: 2 அங்குலப் பட்டை, கால் அங்குலம் மேல்சுற்று, ஸ்டெயின்லெஸ் டை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேலும் ஆக்ஸிஜன் சென்சர் மேலும் எந்தக் காரணத்துக்கும் சுற்றக் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கயிறு பற்றி உங்கள் மெக்கானிக்கிடமே பேசுங்கள், பெரிய ஆபத்து அவருக்குத்தான். வெட்டும்போது பறக்கும் நார் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அவரிடம் பழைய கயிறு இருந்தால் உலர்ந்தபடி பிய்க்க வேண்டாம், நனைத்துக் கட்டிவைக்கட்டும்.

ஷீல்டு மாட்டும்வரை காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் உளுந்துச் செடியும் கொள்ளும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏறினால் கொடி பைப்பில் சுற்றிக்கொள்ளும். ஷீல்டு இருக்கிற வண்டியே இப்படிப் பற்றி எரிந்திருக்கிறது. ஏறிவிட்டால் தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குனிந்து பாருங்கள். சிக்கியதைக் கையால் தொடாமல் குச்சியால் இழுத்துப் போடுங்கள். அடுத்த முறை துருப்பிடிக்காமலிருக்க வண்டிக்கு அடியில் அண்டர்கோட்டிங் அடிக்கும்போது பைப்பையும் ஷீல்டையும் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

தகடு மாட்டிய பிறகும் கலகலவென்று சத்தம் வந்தால், ஆறிய கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே கல் குலுங்குவதுபோலக் கேட்டால் அதன் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. பிளக் சரியாக எரியாமல் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தாலும் இப்படி ஆகும். அப்போது கன்வெர்ட்டரின் கூடு சிவக்கச் சிவக்கக் காயும். தரை சுடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதற்குமேல் ஓட்டாமல் வண்டியை ஓரங்கட்டி, முதலில் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.