பழைய வீடியோ கேம் மெஷினில் காசு போட்டால் கிரெடிட் ஏறவில்லை, அடிக்கடி ரீசெட் ஆகிறது. நானே சரிசெய்யலாமா? சென்னையில் யாரிடம் காட்டுவது?

நீங்களே செய்யலாம். படம் வருகிறது, கேம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மெயின் போர்டு அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். மூடிப்போன கடையிலிருந்து எடுத்த கேபினெட் என்கிறீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு கம்ப்ளெய்ன்ட்டும் அப்படிக் கிடந்த மெஷினுக்கு வருகிற சளி, காய்ச்சல் மாதிரி.

1996-ல் பெரம்பூரில் ஒரு வீடியோ கேம் கடையில், பள்ளி விடுமுறைக்குச் சில்லறை மாற்றிக் கொடுக்கச் சேர்ந்தவன் நான். கடைக்கு வரும் மெக்கானிக் அண்ணனுக்கு டார்ச் பிடித்துப் பிடித்தே இந்த வேலை என்னோடு ஒட்டிக்கொண்டது. அவர் வந்தவுடன் போர்டைத் திறக்க மாட்டார். பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டுவிட்டு, காசு ஓட்டை இருக்கும் இரும்புக் கதவில், அதாவது காயின் டோரில், காதை வைத்துக் கேட்பார். காசு உருளும் சத்தம், நடுவில் 'டிக்' என்று ஒன்று, பிறகு பெட்டியில் விழும் சத்தம். "காசு எங்க நிக்குதோ அங்கதான்டா கம்ப்ளெய்ன்ட்டு" என்பார். நீங்களும் காசின் பின்னாலேயே போங்கள்.

அந்த 'டிக்' ஒரு மைக்ரோ ஸ்விட்ச். காசு போகிற பாதையில் மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். காசு அதைத் தட்டிவிட்டுப் போகும். கம்பி வளைந்திருந்தால் காசு தட்டாமலே நழுவிவிடும். அல்லது கம்பி அமுங்கியபடியே நிற்கும். அப்போது காசு மாட்டியிருக்கிறது என்று நினைத்துச் சில போர்டுகள் எந்தக் காசையும் ஏற்காது. மெஷினை அணைத்துவிட்டு, ஸ்விட்ச்சில் உள்ள ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, காமன் (பொது முனை), என்.ஓ. (அமுக்கினால் மட்டும் இணையும் முனை) என்று போட்டிருக்கும் இரண்டு முனைகளிலும் வையுங்கள். கம்பியை அமுக்கினால் பீப் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். முன்பு யாரோ அதற்கு நேர்மாறான என்.சி. முனையில் ஒயரை மாட்டி வைத்திருப்பதும் உண்டு.

ஸ்விட்ச் சரியாக இருந்தால் அதைத் தாண்டிப் பார்க்கலாம். உங்களுடையது ஜாமா கனெக்டர் உள்ள போர்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 1985-ல் ஜப்பானில் கொண்டுவந்த முறை இது. பக்கத்துக்கு 28 என்று மொத்தம் 56 முனைகள். ஐசிக்கள் இருக்கும் பக்கத்தில் 1, 2 கிரவுண்டு. 3, 4 பிளஸ் 5 வோல்ட். 6 பிளஸ் 12 வோல்ட். 16-ஆம் முனை முதல் காசு ஓட்டைக்கு. மெஷின் ஓடும்போது 16-ஆம் முனைக்கு வரும் ஒயரை கிரவுண்டில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கிரெடிட் ஏறினால் போர்டுக்கு ஒரு குறையும் இல்லை. கோளாறு ஸ்விட்ச்சுக்கும் கனெக்டருக்கும் நடுவில். எலி கடித்த ஒயரை நான் அங்கே நிறையவே பார்த்திருக்கிறேன். எண்ணைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள், அதே கனெக்டரில்தான் 5 வோல்ட்டும் இருக்கிறது.

காசே திரும்பி வந்து விழுகிறது என்றால் அது வேறு கதை, எனக்குப் பிடித்த கதையும்கூட. அமெரிக்க கேபினெட்டுகளில் காசைச் சோதித்து உள்ளே விடும் பாகம், காயின் மெக், அவர்கள் ஊர் 25 சென்ட் காசுக்குச் செய்தது: விட்டம் 24.26 மி.மீ., எடை 5.67 கிராம், காந்தத்தில் ஒட்டாத உலோகம். உள்ளே ஒரு காந்தம் இருக்கும், இரும்பில் வெட்டிய போலிக் காசைப் பிடித்து வைக்க. 1992 முதல் வந்த நம்முடைய ஒரு ரூபாயோ துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும் ரகம். விட்டம் 25 மி.மீ. 2011-ல் வந்த சின்ன ஒரு ரூபாய் ஏறக்குறைய 22 மி.மீ. முன்னது பாதையில் இறுகும், பின்னது நழுவும், காந்தத்துக்கு இரண்டுமே போலி. நல்ல காசைப் போட்டுவிட்டு மெஷினை உதைத்த பையன்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. கடைக்காரர்கள் பித்தளை டோக்கனுக்கு மாறியதில் இதற்கும் பங்கு உண்டு. உங்களுக்கும் டோக்கன்தான் சுலபம். ரூபாய்தான் வேண்டும் என்றால், மாதிரிக் காசை உள்ளே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் 12 வோல்ட் எலக்ட்ரானிக் அக்செப்டர் ஒன்றை மாட்டுங்கள்.

இப்போது ரீசெட். போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட். 4.75-க்குக் கீழே இறங்கினால் அந்தக் காலத்து ஐசிக்கள் உளற ஆரம்பிக்கும், கேம் முதலிலிருந்து தொடங்கும். இதை பவர் சப்ளையில் அளக்காதீர்கள், போர்டின் ஓரத்திலேயே அளந்து பாருங்கள். சப்ளையில் 5.1 இருந்து போர்டில் 4.6 வந்தால், நடுவில் அரை வோல்ட்டைக் கனெக்டர் தின்கிறது. 3, 4 முனைகள் கறுத்துப் போயிருக்கும், பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் கிடந்த மெஷின் என்றால் சொல்லவே வேண்டாம்.

பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேலே இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். கனெக்டரின் உள்தகடுகள் தளர்ந்திருந்தால் புதுக் கனெக்டர்தான் வழி.

சப்ளையில் 5 வோல்ட்டைக் கூட்டக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். கை துறுதுறுக்கும். கனெக்டரைச் சுத்தம் செய்யாமல் அதைத் தொடாதீர்கள். பதினெட்டு வயதில் நான் அதைச் செய்தேன். போர்டில் 5 வர வேண்டும் என்று சப்ளையை 5.7 வரை ஏற்றி வைத்துவிட்டு, பெருமையாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை கடை முதலாளி பெட்டியைத் துடைக்கும்போது கனெக்டரை நன்றாக அழுத்திவிட்டார். கனெக்டர் தின்ற வோல்ட் நஷ்டம் காணாமல் போனது. நான் போனபோது ஒரு ஐசி விரல் வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அதற்கப்புறம் அந்த கேமில் படம் வந்தது, சத்தம் வரவே இல்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு மாதச் சம்பளம்தான் வரவில்லை.

கனெக்டர் சுத்தமான பிறகும் சூடேறியதும் ரீசெட் ஆனால், சப்ளையின் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். அதற்கு முழு சப்ளையை மாற்றுவதே லாபம்.

போர்டில் பீப்பாய் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருந்து, சுற்றிலும் பச்சை பூத்திருந்தால் உடனே வெட்டி எடுங்கள். கசிந்திருப்பது காரம்; எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்துக் கழுவ வேண்டும். பலர் சோடா மாவு போடுகிறார்கள், அது அமிலத்துக்குத்தான். ஆனால் காப்காம் என்ற ஜப்பான் கம்பெனியின் சி.பி.எஸ்.2 ரகப் போர்டாக இருந்தால் அவசரப்படாதீர்கள். அதில் பேட்டரி தீர்ந்தாலோ கழன்றாலோ கேமைத் திறக்கும் சாவி அழிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. பிக்சர் டியூப் பக்கம் கை வைக்காதீர்கள். அந்தத் தடித்த சிவப்பு ஒயரில் இருபதாயிரம் வோல்ட்டுக்குப் பக்கம், அணைத்த பிறகும் மிச்சம் நிற்கும். அடுத்தது எர்த். காயின் டோர் இரும்பு. அதற்கு எர்த் ஒயர் போயிருக்க வேண்டும், உங்கள் வீட்டு மூன்று பின் பிளக்கில் உண்மையிலேயே எர்த் இருக்கவும் வேண்டும். எர்த் இல்லாத மெஷினை எங்கள் பையன்கள் வேறு மாதிரி கண்டுபிடித்தார்கள். அம்மாவின் கேஸ் லைட்டரை டிராயருக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, காசு ஓட்டைப் பக்கத்தில் 'டக் டக்' என்று தட்டுவார்கள். பொறி தாவும், கிரெடிட் ஏறும். எர்த் போட்ட பிறகு அந்தக் கூட்டம் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனது.

கேள்வியின் கடைசியில், உறவினர் வீட்டு ஜூக்பாக்ஸில் பாட்டு இழுத்து இழுத்து வருகிறது, பெல்ட் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மெஷின் என்றால் முதலில் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் கோளாறு மெஷினில் இல்லை, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 230-ஐ 110 ஆக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஹெர்ட்ஸுக்குத் தக்கபடிதான் ஓடும் என்பதால், நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டிய ரெக்கார்டு 37.5 சுற்றுதான் சுற்றும். நான்கு கட்டையில் பாடியவர் இரண்டு கட்டைக்கு இறங்கிவிடுவார். அண்ணா நகரில் நான் பார்த்த ஒன்றில் பி. சுசீலாவின் குரல் தூக்கக் கலக்கத்தில் பாடுவது மாதிரி வந்தது. வீட்டுக்காரர் அதற்குள் மூன்று டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தார். மோட்டார் அச்சில் மாட்டியிருந்த 10 மி.மீ. வளையத்துக்கு (புஷ்) பதிலாக, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் 12 மி.மீ.க்குக் கடைந்து மாட்டினோம். குரல் திரும்பி வந்தது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-ல் கூடுதலாகச் சூடேறும் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரை 100 வோல்ட் எடுக்கும் இணைப்பும் (டேப்) வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். நடு ஓட்டை சின்னதாக உள்ள இ.பி. ரெக்கார்டுகளை அந்த மெஷின் பிடிக்காது, ஒன்றரை அங்குல ஓட்டை வேண்டும்.

யாரிடம் காட்டுவது? மைக்ரோ ஸ்விட்ச், 5, 12 வோல்ட் சப்ளை, கெப்பாசிட்டர் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் போதும். பழைய ஸ்விட்ச்சைக் கையோடு எடுத்துப் போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேறு எதையாவது தருவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் 'ஐசொலேஷன்' (வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதது) என்று அழுத்திச் சொல்லுங்கள், பேசாமல் இருந்தால் அந்தத் தொடர்பை அறுக்காத மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்தான் வரும். பிக்சர் டியூப் வேலைக்கு உங்கள் பகுதியில் ஐம்பது வயதைத் தாண்டிய டிவி மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இப்போது எல்.இ.டி. டிவிதான் பார்க்கிறேன் என்பார். கேபினெட்டின் பின்கதவைத் திறந்து ஒரு போட்டோ காட்டுங்கள், வந்துவிடுவார்.

போர்டு ஓரத்தில் அளந்த 5 வோல்ட் எவ்வளவு வந்தது என்று கமெண்ட்டில் போடுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.