யங்கின் தோற்கவில்லை
வணக்கம். உங்கள் அட்டவணைக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். 2025 தேர்தலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில ஆளுநர் பதவி குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்குப் போனதை வைத்து, "ஆளுநர் யங்கின் தோற்றார்" என்று அட்டவணையில் எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் போனது அங்கேதான். அப்போது ஆளுநராக இருந்த யங்கின் போட்டியிடவே இல்லை. அடுத்தடுத்து இரண்டு முறை ஆளுநராக இருக்க அம்மாநில அரசமைப்பு விடாது. (நம்மூர் ஆளுநர் போல நியமனம் அல்ல; முதல்வர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.) தோற்றவர் அப்போதைய துணை ஆளுநர் வின்சம் ஏர்ல்-சியர்ஸ், வென்றவர் அபிகெயில் ஸ்பான்பெர்கர்.

இடைவெளி விட்டு வரலாம். 2018 வரை ஆண்ட டெரி மெக்காலிஃப் 2021இல் மறுபடி நின்றார், யங்கினிடம் தோற்றார்.

பதவியில் இருந்தவரே தோற்ற உதாரணம் வேண்டுமானால் 2019 கென்டக்கி மாநிலத் தேர்தலைப் போடுங்கள்: ஆண்டி பெஷியரிடம் மாட் பெவின் சுமார் 5,000 வாக்குகளில் தோற்றார்.