சாய்ந்த மாமரத்தை நாங்களே அறுக்கலாமா?

கேள்வி: 2018-இல் கஜா புயலுக்குத் தப்பிய எங்கள் மாமரம், அண்மையில் அடித்த காற்றில் வேரோடு பெயர்ந்து வாய்க்காலின் குறுக்கே பாலம்போல் கிடக்கிறது. சங்கிலி ரம்பத்தை வாடகைக்கு எடுத்து, நானும் தம்பியுமாக அறுத்துத் துண்டு போடலாமா?
– வாசகர், பேராவூரணி

பதில்: இருவரும் அந்த இயந்திரத்தில் பழகியவர்களானால் கிளைகளையும் நடு அடிமரத்தையும் அறுக்கலாம், வேர்ப்பக்கத்தை மட்டும் அனுபவமுள்ள மரத்தொழிலாளியிடம் விட்டுவிடுங்கள். மரத்தில் மின்கம்பி சிக்கியிருந்தால், மின்வாரியத்தினர் வந்து இணைப்பைத் துண்டித்ததை உறுதிசெய்யும்வரை அருகே செல்லவே வேண்டாம்.

சாய்ந்த மரத்தில் எந்தப் பக்கம் நெருக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே ரம்பத்தை முடுக்க வேண்டும். உங்கள் மரம் இரு கரைகளிலும் தாங்கி நிற்பதால் அதன் மேற்புறம் நெருக்கத்திலும் அடிப்புறம் இழுவையிலும் இருக்கும். மேலிருந்தே முழுவதும் அறுக்க முயன்றால் வெட்டுவாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விவிடும். ஆகவே மேலிருந்து விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அறுத்து நிறுத்தி, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி அறுத்து முடிக்க வேண்டும். கீழிருந்து அறுக்கும்போது ரம்பம் உங்களை நோக்கித் தள்ளும் என்பதால் இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள். கட்டை விழும் வழியிலோ அடியிலோ நிற்காதீர்கள். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை அந்தரத்தில் தொங்கும் கிளைக்கு இதற்கு நேர்மாறு: முதலில் கீழே மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து.

வேர்ப்பக்கத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரும் கவலை. அடிமரத்தின் பாரம் நீங்கிய நொடியில், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்க்கட்டி திடீரென நிமிர்ந்து பழைய குழியிலேயே விழக்கூடும்; அந்த நேரத்தில் குழிக்குள் யாரேனும் இருந்தால் தப்புவது அரிது. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். பொக்லைன் கிடைத்தால் வேர்க்கட்டியை அதனால் தாங்கிப் பிடிக்கச் செய்துவிட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

சங்கிலி ஓடும் தட்டின் நுனியில், மேற்பகுதி எதன்மீதாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். எனவே நுனியால் அறுப்பதும், தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும் கூடாது. வாடகைக்கு வாங்கும்போதே சங்கிலித் தடை (ஓடும் சங்கிலியைச் சட்டென நிறுத்தும் பிரேக்) வேலை செய்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், கனத்த காலணி, சங்கிலி வெட்டாத காற்சட்டை ஆகியவற்றையும் சேர்த்தே கேளுங்கள். ரம்பத்திலிருந்து செதில் விழாமல் மாவுபோல் தூள் விழத் தொடங்கினால் சங்கிலி மழுங்கிவிட்டது. அழுத்தி அறுக்காமல், இயந்திரத்தை நிறுத்தி அரம் போட்ட பிறகே தொடருங்கள்.