பொம்பாஸ்டிக் பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள், அக்கா

அக்கா, மகளின் கட்டுரையைப் படித்துவிட்டேன். ஆறாம் படிவம், அடுத்து மூயெட் என்ற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு, அப்புறம் சட்டம் படிக்க ஆசை, ஆனால் ஆங்கிலத்தில் பெரிய வார்த்தை வராமல் அந்தத் தேர்வின் தரநிலையில் பேண்ட் 3-லேயே நின்றுவிடுவாளோ என்று உங்களுக்குப் பயம். டியூஷனில் கொடுத்த பொம்பாஸ்டிக், அதாவது பகட்டான, வார்த்தைப் பட்டியலைத் தினமும் மனப்பாடம் செய்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு உழைக்கத் தெரிகிறது, அது பெரிய விஷயம். அந்த உழைப்பை வேறு பக்கம் திருப்பினால் போதும்.

பட்டர்வொர்த் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பற்றி அவள் எழுதிய பத்தியைப் பாருங்கள். 'பிளெதோரா ஆஃப் டெலெக்டபிள் குசீன்' (ஏராளமான சுவையான உணவு) என்று ஒரு வரி, அதற்கு அடுத்த வரியிலேயே 'பீப்பிள் லைக்ஸ்' என்று இலக்கணப் பிழை. முதல் வரி அவளுடையது இல்லை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்பது தாள் திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் அதே பத்தியின் கடைசியில் சாத்தே (குச்சியில் கோர்த்த இறைச்சி) சுடுகிற புகை தன் தலைமுடியில் ஒட்டிக்கொள்வதைச் சொல்ல 'கிளிங்ஸ்' என்று எழுதியிருக்கிறாள். அந்தச் சொல் எந்தப் பட்டியலிலும் இருக்காது, அவள் எங்கோ படித்து உள்ளே வாங்கியது. கட்டுரை முழுவதிலும் எனக்குப் பிடித்த சொல் அதுதான், அவளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, மூயெட்டில் நான்கு பகுதிக்கும் தலா 90, மொத்தம் 360 மதிப்பெண். எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம், இரண்டு கேள்வி, இரண்டாவதில் குறைந்தது 250 சொல் எழுத வேண்டும். 2021-இலிருந்து சிஇஎஃப்ஆர் என்ற மொழித்திறன் அளவுகோலை ஒட்டி மதிப்பிடுகிறார்கள். பேண்ட் 4 என்றால் அதில் பி2 நிலை, பேண்ட் 5 என்றால் சி1. அந்த நிலைகளில் சொல் அரிதாக இருப்பதை விட, இடத்துக்குப் பொருந்தி இயல்பாக வருவதுதான் எடுபடும். பேச்சுத் தேர்வின் குழு விவாதத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், மனப்பாடச் சொல்லைத் தேடுகிற பிள்ளை பாதியில் நின்றுவிடும்.

சரி, சொல்வளம் எப்படித்தான் வரும்? இதற்கு நான் எப்போதும் சொல்கிற ஆள் அமெரிக்கத் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின். 1706-இல் பாஸ்டனில் பிறந்தவர், பத்து வயதில் பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது, அண்ணனின் அச்சகத்தில் வேலை. லண்டனில் 1711-இல் தொடங்கிய ஸ்பெக்டேட்டர் என்ற ஏட்டின் கட்டுரைத் தொகுதி ஒன்று கையில் கிடைத்ததும், ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, சில நாள் அப்படியே விட்டுவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் அதே கட்டுரையைத் தானே எழுதிப் பார்ப்பார், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திருத்துவார். தன்னிடம் சொற்கள் போதவில்லை என்று கண்டதும் அதே கட்டுரைகளைக் கவிதையாக மாற்றி, கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் உரைநடையாக்கினார். இதையெல்லாம் வேலை நேரம் போக இரவிலும் காலையிலும் செய்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

உங்கள் மகள் கவிதை வரை போக வேண்டாம், முதல் பாதி போதும்.

எதில் தொடங்குவது? ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் எழுதிய 'ஷூட்டிங் அன் எலிஃபண்ட்' என்ற யானைக் கட்டுரையைச் சொல்வேன். பர்மாவின் மௌல்மேன் நகரில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர், பின்னால் திரண்டு வந்த கூட்டத்தின் முன் கேலிக்கு ஆளாகக் கூடாது என்பதற்காக, தனக்கே விருப்பமில்லாமல் ஒரு யானையைச் சுட்ட கதை. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அந்த யானை மிதித்து இறந்தவன் ஒரு திராவிடக் கூலி, அவன் உயிரை விட யானைக்கு விலை அதிகம் என்று அங்கிருந்த வெள்ளைக்காரர்களில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்த நம் தாத்தா பாட்டிகளையும் கூலி என்றே எழுதி வைத்த காலம் அது. இதைப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும், அந்த வேகத்தில் தேடி எடுக்கிற சொல் மறக்காது. சட்டம் படிக்கப் போகிறவளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

முதல் தடவை அகராதியே வேண்டாம், கதையாகப் படிக்கட்டும். இரண்டாம் தடவை பென்சிலோடு. தெரியாத சொல்லை எல்லாம் கோடு போட வேண்டாம். பார்த்தால் புரிகிறது, ஆனால் நான் எழுதியதே இல்லை என்று தோன்றுகிற சொற்களில் ஐந்தாறு மட்டும் எடுத்தால் போதும். ஹாலோனெஸ் (வெறுமை), ஃபியூட்டிலிட்டி (பயனின்மை) இரண்டும் அந்தக் கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. தனிச்சொல்லாக எழுதி எதிரே அர்த்தம் போடாமல், வாக்கியத்தையே முழுதாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பது அப்படித்தான் கைக்குப் பழகும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசம், பல சொற்களுக்குப் பக்கத்திலேயே பி2, சி1 என்று நிலை போட்டிருக்கும். அந்தக் குறி உள்ள சொற்களுக்கு முதலிடம் கொடுக்கட்டும். அப்புறம் பிராங்க்ளின் செய்தது போல ஒரே ஒரு பத்தி, மூடி வைத்துவிட்டு, வார இறுதியில் தன் சொற்களில்.

ஒரு கட்டுரைக்கு இரண்டு வாரம் ஆகட்டும், அவசரமே இல்லை. ஆறு மாதத்தில் பன்னிரண்டு கட்டுரை, அது போதும்.

காசும் பெரிதாக ஆகாது. ஆர்வெல் 1950-இல் இறந்தவர், அவர் எழுத்துக்கு மலேசியாவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் தாராளமாகப் படிக்கலாம். புத்தகமாகக் கையில் வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை ஃபெரி ஏறி பினாங்கின் ஜார்ஜ்டவுன் வாருங்கள், சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. தேர்வு வழிகாட்டிகளைத் தாண்டிப் போய் கட்டுரைத் தொகுப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், எது வேண்டும் என்பதை அவளே எடுக்கட்டும்.

இன்னொன்று, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அக்கா. படித்த கட்டுரையைச் சாப்பாட்டு நேரத்தில் உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விஷயம் புரியாமல் வெறும் சொல்லைப் பிடித்திருந்தால், நீங்கள் ஏன் என்று கேட்கிற இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

யானைக் கட்டுரையை முடித்ததும் அவள் மூடி வைத்து எழுதிய பத்தியைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டுரையை அவளோடு பேசி முடிவு செய்கிறேன்.