பாட்டில மாத்தல, ஐஸ்லேர்ந்து எடுங்க

கேள்வி: பிரான்ஸ்ல வைனுக்குப் பேர்போன போர்தோவுல ஒரு ரெஸ்டாரண்ட்ல மனைவியோட டின்னர். நான் எப்பவும் அந்தப் பக்கத்து மெதோக்ங்கற ஏரியாவோட சிவப்பு வைன் குடிக்கற ஆளு, அன்னைக்கு வெயிட்டர் பேச்சைக் கேட்டு பெஸாக்-லியோன்யான்ங்கற இன்னொரு ஏரியாவோட வெள்ளை வைன் சொன்னேன். முதல் கிளாஸ், சிப்பியோட, வெறும் எலுமிச்சைத் தண்ணி. கடைசி கிளாஸ், வெண்ணெய் சாஸ் போட்ட மீனோட, ரொம்ப நேரம் டேபிள்லயே கிடந்தது, குடிச்சா தேன் வாசம், கொழகொழன்னு. நடுவுல பாட்டில மாத்திட்டாங்கன்னு சந்தேகம். லேபிள்ல திராட்சை பேரே இல்ல, கேட்டா ரெண்டு மூணு வகை கலந்ததுங்கறாங்க. கலந்தாலே மட்டம்தானே? டிப் வைக்காம வந்துட்டேன்.
(ஒரு வாசகர், பாரிஸ்)

பதில்: முதல்ல அந்த மெதோக் கதைய முடிச்சுடுவோம் சார். நீங்க எப்பவும் குடிக்கற சிவப்பும் பெரும்பாலும் காபர்னே, மெர்லோன்னு திராட்சை வகைங்க கலந்ததுதான், இத்தனை நாள் அது மட்டமா தெரியலையே! போர்தோவுல கடல் பக்கம்கறதால மழையும் பனியும் சொல்லாம வரும், ஒரு வகை சொதப்பினா இன்னொண்ணு காப்பாத்தும்னு பல வகை நடறது அங்க பழைய வழக்கம். லேபிள்ல ஊர் பேரைத்தான் பெருமையா போடுவாங்க, திராட்சை பேரு பல பாட்டில்ல இருக்காது. அப்புறம் ஒரே திராட்சை பேரு போட்டு வர்ற பாட்டிலே சுத்தம்னு நினைக்கறீங்களே, ஐரோப்பிய விதிப்படி அந்த திராட்சை 85 சதவீதம் இருந்தாலே பேரு போட்டுக்கலாம், மிச்சம் என்னன்னு நீங்க கேட்டதுண்டா?

இப்ப உங்க பாட்டிலுக்கு வருவோம். அந்தப் பக்கத்து வெள்ளை வைன்ல முக்கியமா ரெண்டு திராட்சை, சோவின்யோன் பிளாங்கும் செமியோனும், சில இடத்துல கொஞ்சூண்டு மஸ்கடெல், அது பூ வாசத்துக்கு. சோவின்யோன் புளிப்பு, பம்பளிமாஸ் வாசம், நாக்குல சுருக்குனு நிக்கும். செமியோன் புளிப்பு கம்மி, கனம் ஜாஸ்தி, மெழுகு தேன் மாதிரி வாசம், ஆனா கொஞ்சம் கூச்ச சுபாவம், குளிர்ல வாயே திறக்காது. ஐஸ் பக்கெட்டுல ரொம்ப நேரம் கிடந்தா வைன் 5, 6 டிகிரிக்கு இறங்கிடும், அந்த குளிர்ல வாசம் எழும்பாது, புளிப்பு மட்டும்தான் முன்னால நிக்கும், ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே வாயில போட்ட பாயாசத்துல ஏலக்காய் தெரியுதான்னு பாருங்க. கடைசி கிளாஸ் கிடந்து கிடந்து 11, 12 டிகிரிக்கு வந்திருக்கும், காத்தும் பட்டிருக்கும், அப்பத்தான் செமியோன் வந்து உக்காந்திருக்கு. அதே பாட்டில்தான். ஓக் பீப்பாயில நொதிக்கவெச்ச வெள்ளைக்கு அந்த 10 - 12 டிகிரிதான் சரியான சூடு, எவ்வளவு ஜில்லோ அவ்வளவு மரியாதைன்னு பக்கெட்டுல முக்கி வைக்கற ரெஸ்டாரண்டுகளை என்ன சொல்ல.

சொல்லப்போனா உங்களுக்கு நல்ல டின்னர்தான் அமைஞ்சிருக்கு, நீங்கதான் கவனிக்கல. உப்பு கரிக்கற சிப்பிக்கு அந்த ஜில்லுன்ன புளிப்புதான் தோது, வெண்ணெய் சாஸுக்கு அது தாங்காது, கனமா ஒண்ணு வேணும், ரெண்டுக்கும் தனித்தனியா ரெண்டு பாட்டில் வாங்கியிருந்தா பில்லு எகிறியிருக்கும். கலக்கறதும் சும்மா ஒரே தொட்டியில கொட்டறது இல்ல, பொதுவா வகைவகையா தனியா பறிச்சு, தனியா நொதிக்கவெச்சு, அப்புறம் ருசி பார்த்துப் பார்த்துத்தான் விகிதம் முடிவு பண்றாங்க. ஒரு காலத்துல போர்தோ வெள்ளைன்னா கந்தக நெடியும் சோர்வும்னு பேரு கெட்டுத்தான் கிடந்தது, அதை மாத்தினதுல போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெனி துபூர்தியூவுக்கு (2016ல காலமானார்) பெரிய பங்கு உண்டு. உலகமே தலைமேல வெச்சு ஆடற இனிப்பு சோத்தேர்ன் வைனும் இதே ரெண்டு திராட்சைதான், பூஞ்சை பிடிச்சு சுருங்கினதும் பறிக்கறாங்க. கலந்தது மட்டம்னா அங்க போய் சொல்லிப் பாருங்க.

ஆரம்பத்துல கிளாஸ்ல கொஞ்சமா ஊத்திக் காட்டியிருப்பாங்களே, அது பிடிச்சிருக்கான்னு கேக்கறதுக்கு இல்ல. கார்க் கெட்டுப்போய் நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் வருதான்னு பார்க்கத்தான், வந்தா தாராளமா திருப்பி அனுப்பலாம். உங்களுக்கு அது எதுவும் இல்ல, அடுத்த தடவை ரெண்டாவது கிளாஸுக்கு முன்னாடியே பாட்டில பக்கெட்டுலேர்ந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்க, போதும்.

டிப் விஷயம்... பிரான்ஸ்ல மெனுவுல இருக்கற விலையிலயே சர்வீஸ் சார்ஜ் சேர்ந்துடுது சார். அந்த வெயிட்டரைப் பழிவாங்கிட்டதா நினைச்சு பாரிஸ் வரைக்கும் சந்தோஷமா வந்திருந்தா, அதுவும் நடக்கல.