எந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போவது?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. எங்கள் தெருவில் இரண்டு பிசியோதெரபி கிளினிக்குகள். ஒரு போர்டில் பி.பி.டி., இன்னொன்றில் எம்.பி.டி. (ஆர்த்தோ). யாரிடம் காட்டுவது?
- வாசகி, திருச்சி

பதில்: பி.பி.டி. அடிப்படைப் பட்டம். இன்று தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நான்கரை ஆண்டு படித்தவர்கள். அதில் கடைசி 6 மாதம் மருத்துவமனைப் பயிற்சி. அதற்கு மேல் 2 ஆண்டு எம்.பி.டி.யில்தான் துறை பிரிகிறது: ஆர்த்தோ (எலும்பு, மூட்டு), நியூரோ (மூளை, நரம்பு), இதயம்-நுரையீரல், விளையாட்டு, குழந்தைகள் என்று. தோள்பட்டை இறுக்கம், மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய பயிற்சி என்றால் ஆர்த்தோ. உங்கள் மாமியாருக்கு வேண்டியது நியூரோ. பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால், பக்கவாத நோயாளிகளை நிறையப் பார்த்த பி.பி.டி.யையே நான் சொல்வேன். மசாஜ் சர்ட்டிபிகேட் இந்தக் கணக்கில் சேராது.

முதல் நாள் கவனியுங்கள். படுக்கையில் புரளச் சொல்லி, உட்காரவைத்து, எழவைத்து, எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்கிறாரா? வீட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று சொல்லித்தருகிறாரா? நேரே கரண்ட் மெஷினை மாட்டினால் வேறு ஆள் பாருங்கள்.

இன்னொன்று: வலது கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு கீழே இறங்கிவிடும். பிறகு வலி தாங்காமல் பயிற்சியே நின்றுபோகும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது முழங்கை முதல் விரல் வரை தலையணை மேல் இருக்கட்டும். விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கியிருந்தால் ரப்பர் பந்தை அமுக்கவைக்காதீர்கள், இறுக்கம் கூடலாம்; விரல்களை விரிக்கும் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முழங்கால் தேய்மானத்துக்குப் பத்து நாள் கரண்ட் வைத்தேன். நிறுத்தியதும் வலி திரும்பிவிட்டது. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: மெஷின் வலியை மட்டும் கொஞ்ச நேரம் மறைக்கும், தொடைத் தசைக்குப் பலம் தராது. காலை நீட்டி, முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து அமுக்கி, 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, காலையும் மாலையும். மூச்சை அடக்காதீர்கள், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் அடங்காது. மறுநாள் வலி கூடினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் பயிற்சி வேண்டாம், முதலில் எலும்பு டாக்டர்.